வைத்தியர் பழுது பார்த்த பம்ப்

அவரை எல்லோரும் வைத்தியர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாடி பிடித்து மருந்து கொடுக்கிற வைத்தியர் இல்லை. தண்ணீர் மோட்டாருக்கு வைத்தியர். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லையா, குழாயைத் திறந்தால் இருமிக்கொண்டு வருகிறதா, மோட்டார் உறுமுகிறதே தவிர சுற்ற மாட்டேன் என்கிறதா, இவருக்குத்தான் போன் வரும். வந்து நிற்பார். வாயைத் திறக்க மாட்டார். மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கோலத்தைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கெட்டிக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். இவர் அதில் முதல் வரிசை. ஒருமுறை பல் பிடுங்கப் போனார். பாதி வாய் மரத்துப்போய் நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர், எச்சில் உறிஞ்சுகிற இயந்திரத்தின் சத்தம் சரியில்லை என்று எழுந்துவிட்டார். கோணல் வாயோடு அதைக் கழற்றி, அடைப்பை எடுத்து, மாட்டி, ஓடவிட்டுக் காட்டிய பிறகுதான் மறுபடி சாய்ந்தார். பல் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டதுதான் தப்பு என்பேன் நான். அன்றைக்கே நாலு திட்டு விழுந்திருந்தால் மனுஷன் பின்னால் இவ்வளவு பட்டிருக்க மாட்டார்.

அவர் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு. "விட்டு விட்டு ஓடுற மோட்டார் வீட்டுக்கு ஆகாது" என்பார். எங்கேயோ குழாய் கசிந்தாலோ, அழுத்தத் தொட்டியில் காற்று இறங்கிவிட்டாலோ மோட்டார் கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி எழும்பும். ஒவ்வொரு எழும்பலுக்கும் சூடு ஏறும். கடைசியில் உள்ளே சுற்றிய கம்பி, காயில் என்பார்கள், கருகி நாறும். நல்ல மோட்டார் என்றால் ஓடுகிறவரை ஒரே சீராக ஓட வேண்டும். இந்தச் சூத்திரத்தில் ஒரு பிசகும் கிடையாது, தண்ணீர் மோட்டார் விஷயமாக இருக்கிற வரைக்கும்.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் நின்று சிரித்து விற்கிற வேலை இல்லை. பின்கட்டில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு தேய்ப்பு இயந்திரம், ஒரு விளக்கு. லென்ஸை பிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். அதிகம் பேச மாட்டாள். பேசினால் அளந்துதான் பேசுவாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவரைத் தனியாக அழைத்து, மறைக்காமல் சொல்லிவிட்டாள். பெண்கள் வயதுக்கு வருகிற வயதில் அவள் வரவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் மாதவிலக்கு வரும். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். "என் உடம்புக்குக் காது கிடையாதுங்க. யார் என்ன சொன்னாலும் கேக்காது" என்றாள். இவர், "அதனால என்ன, எனக்குக் காது இருக்கு, நீ சொல்றதை நான் கேட்டுக்கிறேன்" என்றாராம். அப்போது நன்றாகத்தான் பேசியிருக்கிறார்.

ஆனால் அவளுக்குப் பிள்ளை வேண்டும். ஊர் வாய்க்குப் பயந்து இல்லை, மாமியார் நாத்தனாருக்காகவும் இல்லை. அவளுக்கே வேண்டும். தன் உடம்பு ஒரே ஒருமுறையாவது தானாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஏக்கம். வருஷக்கணக்கில் இங்கேயும் அங்கேயும் அலைந்து, கடைசியில் ஹார்மோன் நோய்களைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தார்கள். இதுவும் பலிக்காவிட்டால் விட்டுவிடுவது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதை அவரிடமும் சொல்லியிருந்தாள்.

டாக்டரம்மா நரைத்த தலையும் நழுவுகிற கண்ணாடியுமாக இருந்தார். பழைய சோதனைகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க உடம்புக்குக் காது இல்லைன்னு யாரு சொன்னது? காது நல்லாத்தான் இருக்கு. கூப்பிடத்தான் ஆள் இல்ல" என்றார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். மேலேயிருந்து ஒரு ஹார்மோன் வந்து அதைத் தட்ட வேண்டும். தட்டினால் அது விழித்துக்கொண்டு முட்டைப்பைக்கு உத்தரவு அனுப்பும். இவளுக்கு மேலேயிருந்து தட்டுகிற அந்த ஹார்மோன் பிறவியிலேயே வருவதில்லை. "அந்தத் தட்டுற வேலையை ஒரு சின்ன பம்ப் செய்யும். இடுப்புல மாட்டிக்கலாம்."

பம்ப் என்ற சொல்லைக் கேட்டதும் வைத்தியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் குழாய் வெடித்து வண்டி நிறுத்துமிடம் குளமாகிவிட்டதாம். "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று வெளியே போனவர், எந்த வால்வை மூட வேண்டும், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று வழி சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் உள்ளே மிச்சப் பேச்சு முடிந்துவிட்டது. அந்த மிச்சத்தில்தான் விஷயமே இருந்தது. வண்டியில் திரும்பும்போது, "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "பம்ப் வைக்கலாம்னாங்க" என்றாள். அவளும் அளந்து பேசுகிறவள், இவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பம்ப் சோப்புக் கட்டி அளவுதான். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் நுனி வயிற்றுத் தோலுக்கு அடியில். நர்ஸ் இருவரையும் உட்கார வைத்து எல்லாம் காட்டினாள். மருந்துக் குப்பியை எப்படி மாற்றுவது, குளிக்கும்போது எப்படிக் கழற்றி மாட்டுவது. "இந்த ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினா பூட்டு திறக்கும். ஆனா அதை நீங்க தொடவே கூடாது. தெரியாம அழுத்திடக் கூடாதேன்னுதான் காட்டுறேன்" என்றாள். யாரிடம் காட்டுகிறோம் என்று பாவம் அவளுக்குத் தெரியாது. குரங்கு கையில் பூமாலை கொடுத்துவிட்டு, பிய்த்துவிடாதே என்றும் சொன்னால் எப்படி?

ஆனாலும் சில நாள் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார், அதைச் சொல்ல வேண்டும். பம்ப் "கிர்ர்" என்று ஒரு சின்னச் சத்தம் போடும். பிறகு ஊமையாகிவிடும். வெகுநேரம் கழித்து மறுபடி "கிர்ர்". சாப்பிடும்போது கேட்பார், செருப்பு மாட்டும்போது கேட்பார், நெற்றி சுருங்கும். "ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது" என்று தனக்குள் முணுமுணுப்பார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் பம்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தலைக்குக் குளிக்கப் போனாள். அவள் தலைக்குக் குளித்தால் சீக்கிரத்தில் வர மாட்டாள். வைத்தியர் பம்பை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். துடிப்பே இல்லை. இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினார். திறந்துகொண்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சூண்டு மருந்தைத் தள்ளிவிட்டு மற்ற நேரமெல்லாம் சும்மா கிட என்று அதில் வைத்திருந்தார்கள். "யாரு இந்தக் கூத்தைப் பண்ணது?" என்று வாய்விட்டே சொன்னார். உள்ளே துழாவினால் தொடர்ந்து ஓடுகிற இன்னொரு வழியும் இருந்தது. ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு மருந்து போகிறது என்று கணக்குப் போட்டார், அதை நாள் முழுக்கப் பரப்பினார், ஒரே சீராக ஓடும்படி மாற்றி வைத்தார். ஒரு சொட்டு கூட்டவில்லை, ஒரு சொட்டு குறைக்கவில்லை. அதில் மட்டும் மகா யோக்கியர். மருந்து அதே மருந்து, அளவும் அதே அளவு; நடுவில் இருந்த இடைவெளியை மட்டும் எடுத்துவிட்டார்.

குப்பி தீர்கிற கணக்கு மாறாததால் நர்ஸுக்கும் சந்தேகம் வரவில்லை. மனைவிதான் மறுநாள் கேட்டாள். "என்னங்க, இது சத்தமே போடலையே?"

"புதுசுல அப்படித்தான் கத்தும். ஓடி ஓடிப் பழகிடுச்சு" என்றார். வாய் கூசாமல்.

அவளுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. கடையில் லென்ஸை உட்கார வைக்கிற நேரத்தில் இடுப்பில் கிர்ர் என்றால் கை ஆடிவிடும்.

அந்த வாரமே ரத்தப் பரிசோதனை. வாழ்நாளில் ஒருபோதும் எழும்பாத, பிட்யூட்டரி அனுப்புகிற அந்த உத்தரவு ஹார்மோன் ஜிவ்வென்று எழும்பியிருந்தது. டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்றார். மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வைத்தியர் கூரையைப் பார்த்தபடி மீசையைத் தடவிக்கொண்டார். பெருமை தாங்காமல் நேராக அக்கா கடைக்குப் போனார்.

அக்கா என்றால் அவருடைய கூடப்பிறந்த அக்கா, துணி வெளுத்து இஸ்திரி போடுகிற கடை வைத்திருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "டாக்டர் வச்சதை நீ எதுக்குடா நோண்டுற?"

"ரிசல்ட்டைப் பாரு அக்கா. நான் கையை வச்ச பிறகுதான் ஏறியிருக்கு."

"ஏறட்டும், சந்தோஷம். இனிமே கையை வைக்காதே" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த சட்டையை எடுத்தார்.

அடுத்த பரிசோதனையில் எல்லாம் விழுந்தது. சாதாரணமாக விழவில்லை, தரைமட்டமாக விழுந்தது. ஸ்கேனில் முட்டைப்பை வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. டாக்டரம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "புரியலையே. நல்லா ஆரம்பிச்சதே. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இல்லைன்னா அளவைக் கூட்டலாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "டாக்டரம்மா என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு காது இருக்குன்னு சொல்லியிருக்காங்க. கிடையவே கிடையாதுங்க. இப்ப ஆள் வச்சுக் கூப்பிட்டும் கேக்கலையே" என்றாள். அழுகையை அடக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. வைத்தியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அப்போதும் அவருக்குத் தன்மேல் சந்தேகம் வரவில்லை. பம்ப்தான் ஜம்மென்று ஓடுகிறதே!

உண்மை தெரிய வந்தது டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில். மனைவி ரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்தாள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் ஏழெட்டு வயதுச் சிறுமி. வைத்தியருக்கு முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது மூச்சு விடுவது மாதிரி. "பாப்பாவுக்கு என்னம்மா?" என்றார்.

"இவளுக்கு உடம்பு ரொம்ப முன்னாடியே பெரிய மனுஷி ஆகப் பாக்குதுங்க. விளையாடுற வயசு. அதை நிறுத்தி வைக்க ஊசி போடுறாங்க."

"நிறுத்துறதுக்கும் ஊசி இருக்கா?"

"அதுதாங்க அதிசயம். தூண்டிவிடுற ஹார்மோன் ஒண்ணு இருக்காமே, பிட்யூட்டரியைத் தட்டுறது, அதே ஜாதி மருந்துதான். ஆனா இது உள்ள போய் விடாம ஊறிக்கிட்டே இருக்கும். மூச்சு விட நேரம் கொடுக்காம ஒரே சீரா வந்தா, அந்தச் சுரப்பி முதல்ல ஒரு குதி குதிச்சிட்டு அப்புறம் கண்டுக்காம விட்டுடுமாம். எல்லாம் நின்னு போயிடும்."

வைத்தியர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஒரே சீரா வந்தாவா?"

"ஆமாங்க. விட்டு விட்டு வந்தாத்தான் வேலை செய்யுமாம்." அதற்குள் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவள் சிறுமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வைத்தியர் அந்த இருக்கையில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு குதி. பிறகு எல்லாம் நின்று போகும். அச்சு அசலாக அதுதானே நடந்திருக்கிறது! அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். யாரும் நிறுத்தச் சொல்லாத ஒரு உடம்பை, கஷ்டப்பட்டு விழிக்கப் பார்த்த ஒரு உடம்பை, அவரே தன் கையால் தூங்க வைத்துவிட்டார்.

அன்று மாலை அவள் குளிக்கப் போனதும் பம்பை எடுத்துப் பழையபடி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றி வைத்தார். சரியாக மாறியதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு அக்கா கடைக்கு ஓடினார்.

அக்கா முழுவதையும் கேட்டார். திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. "பழையபடி மாத்திட்டியா?"

"மாத்திட்டேன். ஆனா கெட்டது கெட்டதுதானே அக்கா? கருகின மோட்டார் காயில் திரும்ப வருமா?"

"எனக்கென்னடா தெரியும்? வாயை மூடிக்கிட்டு இரு. இதை அவகிட்ட சொன்னா உன் மூஞ்சியில முழிப்பாளா? வந்தா வரட்டும், வராட்டி நம்ம விதின்னு போகட்டும். நீ சொல்லி ஆகப்போறது என்ன?"

அக்கா சொன்னதில் பாசம் இருந்தது, புத்தி இல்லை. ஆனால் பயந்தவனுக்கு அது போதும். வைத்தியர் வாயை மூடிக்கொண்டார். அடுத்து வந்த நாட்களில் அவள் சமைத்ததைச் சாப்பிட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல். பம்ப் மறுபடி கிர்ர் என்றது. "திரும்பச் சத்தம் போடுதே" என்று அவள் சொன்னாள், ஆனால் ஏன் என்று கேட்கிற தெம்புகூட இல்லாமல் விட்டுவிட்டாள். சமையலறையில் ஒருமுறை, ஜன்னலோரமாக நின்று சத்தமில்லாமல் அழுதாள். இவர் கதவருகே வந்தவர், அப்படியே திரும்பிப் போனார்.

டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டிய காலையில் அவள் ஒரு துணிப்பையை எடுத்து வைத்தாள். பம்ப் வந்த டப்பா, பிரிக்காத ஊசிகள், மிச்சக் குப்பிகள். "போதும்ங்க. இன்னைக்கே கொடுத்துட்டு வந்துடலாம்" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பார்த்தா என்ன?"

"எதுக்கு? கேக்காத உடம்புகிட்ட இன்னும் எத்தனை நாள் கெஞ்சுறது? எனக்கு அலுத்துப் போச்சு. இனிமே இதைப் பத்திப் பேச வேண்டாம். யாரும், எப்பவும்."

வண்டியை அவர் உருட்டாத குறையாக ஓட்டினார். போகிற வழி முழுக்க முதுகுக்குப் பின்னால் அந்தப் பை உரசிக்கொண்டே வந்தது. சொல்லாவிட்டால் இன்றோடு எல்லாம் முடியும். அவள் கடைசிவரை தன் உடம்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருப்பாள். சொன்னால் கல்யாண வாழ்க்கை முடிந்தாலும் முடியலாம். சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னாலிருந்து ஹாரன் அடித்துத்தான் பச்சை விழுந்ததே அவருக்குத் தெரிந்தது.

உள்ளே போனதும் அவள் பையை மேசைமேல் வைத்தாள். "நீங்க ரொம்ப முயற்சி பண்ணீங்க டாக்டர். நன்றி. எனக்கு இது போதும்."

டாக்டரம்மா பையைப் பார்த்தார். "உங்க முடிவை நான் மதிக்கிறேன்மா. வேற யாராவது கொடுக்கிற முட்டையை வச்சு..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"நான்தான் கெடுத்தேன், டாக்டர்!" என்று வைத்தியர் எழுந்தே விட்டார். குரல் அறைக்கு வெளியே கேட்டிருக்கும். "அவ உடம்பு ஒண்ணும் பண்ணல. நான்தான் பம்பை மாத்தினேன். விட்டு விட்டு ஓடுச்சு. ரிப்பேர்னு நினைச்சேன். ஒரே சீரா ஓட விட்டேன். போன தடவை இங்க வந்தப்பதான் தப்புன்னு தெரிஞ்சுது. அன்னைக்கே மாத்தி வச்சிட்டேன். சொல்லத்தான் தைரியம் வரல."

நர்ஸ் கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். எப்போது மாற்றினார், எந்த வழியில் வைத்தார், எவ்வளவு மருந்து, எப்போது திருப்பி வைத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வைத்தியர் பிசகாமல் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்ததும் டாக்டரம்மா நாற்காலியில் பின்னால் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"மனுஷனாய்யா நீங்க? உங்களை இந்த அறைக்குள்ளயே விட்டிருக்கக் கூடாது." பிறகு, திட்டு முடியாமலே குரல் மாறியது. "அப்பாடா! இதைவிட நல்ல செய்தி எனக்கு இந்த மாசம் வரல."

வைத்தியருக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று தெரியவில்லை.

"வீட்டு வாசல்ல காலிங் பெல் ஒருதரம் அடிச்சா என்ன பண்ணுவீங்க? போய்க் கதவைத் திறப்பீங்க. விடாம அடிச்சுக்கிட்டே இருந்தா? ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டு உள்ள வந்து உட்கார்ந்துக்குவீங்க. அந்தச் சுரப்பியில இருக்கிற செல்லும் அதைத்தான் பண்ணுது. அதோட மேற்புறத்துல ஹார்மோனைப் பிடிக்கிற ஏற்பிங்க இருக்கு. விட்டு விட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கும். ஓயாம வந்தா முதல்ல பதறிப்போய் இருக்கிறதை எல்லாம் கொட்டும். அந்த முதல் ரிசல்ட்டைப் பாத்து நானே ஏமாந்தேன். அப்புறம் அந்த ஏற்பிங்க சேதியை உள்ள கடத்துறதை நிறுத்திடும். செல்லு அதுங்களை மேலேயிருந்து உள்ள இழுத்துக்கும். மருந்து வரும், வாங்குறதுக்கு ஆள் இருக்காது."

"போனது திரும்ப வருமா டாக்டர்?" வைத்தியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏன் வராது? இது மோட்டார் காயில் இல்லைங்க கருகிப் போறதுக்கு. சத்தம் ஓஞ்சு இடைவெளி கிடைச்சா செல்லு மறுபடி ஏற்பிகளை மேல கொண்டு வரும், புதுசும் செய்யும். சில குழந்தைங்களுக்கு இதை நாங்களே வேணும்னு வருஷக்கணக்கா செய்றோம். நிறுத்தினா கொஞ்ச நாள்ல எல்லாம் பழையபடி வந்துடுது. உங்க கைங்கரியம் சில வாரம்தானே."

இவ்வளவு நேரமும் மனைவி அசையவில்லை. மேசைமேல் இருந்த பையின் காதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவரைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ... முதல்ல ஏறுச்சே. அது என் உடம்பு கேட்டதா?"

"கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் கதவைச் சாத்திக்கிச்சு. கேக்காத உடம்பு இப்படிப் பண்ணாது."

அவள் பையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. வைத்தியர் பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், அழுகிறாள், கூடவே சிரிக்கிறாள். எது முந்தியது என்று சொல்ல முடியவில்லை. "நல்ல வேளைங்க" என்றாள் மூச்சு வாங்க, அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை, நீங்கதான் கெடுத்தீங்க! நான் இல்ல! நான் இல்ல!" தன் கடைசி நம்பிக்கையில் கைவைத்துக் கெடுத்த புருஷனுக்கு நல்ல வேளை சொன்ன பெண்சாதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நர்ஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு, முதல் வேலையாகப் பம்புக்கு ஒரு ரகசிய எண்ணால் பூட்டுப் போட்டு, அந்த எண்ணை மனைவியின் காதில் மட்டும் சொன்னாள்.

கோபம் மறுநாள்தான் வந்தது. வைத்தியர் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு குளித்துவிட்டு வந்தார். அவள் தட்டை டமாலென்று வைத்தாள். "இப்பதாங்க எனக்குக் கோபம் வருது" என்றாள். "பம்பை நோண்டினது போகட்டும். உங்க கை அப்படி, ஊருக்கே தெரியும். தெரிஞ்ச பிறகும் சொல்லல பாருங்க. நான் அங்க ஜன்னல்கிட்ட நின்னு அழுதேன். கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அழுகை எனக்கு இல்ல."

பம்பை மாற்றியது அறியாமை. வாயை மூடியது கோழைத்தனம். அது வைத்தியருக்கும் தெரிந்திருந்ததால் தலையைக் குனிந்துகொண்டே இட்டதைச் சாப்பிட்டார். அவள் சில நாள் அவரோடு பேசவில்லை. மனசு கேட்காமல் அக்கா வந்து, "அவனைச் சொல்லாதேன்னு தடுத்தது நான்தான்மா" என்று ஒப்புக்கொண்டபோது, "உட்காருங்க அண்ணி. உங்களுக்குத் தனியா வச்சிருக்கேன்" என்றாள். அக்கா உட்காரவில்லை, கடையில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். அக்கா போன பிறகு மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலையிலிருந்து பேச ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. கொஞ்ச நாள் பம்பை நிறுத்தி உடம்புக்கு ஓய்வு கொடுத்தார், பிறகு பழைய அளவிலேயே விட்டு விட்டுத் தொடங்கினார். ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் இந்த முறை குதிக்கவில்லை. படிப்படியாக, அடக்கமாக ஏறியது. "இப்படித்தான் ஏறணும்" என்று டாக்டரம்மா சொன்னபோது வைத்தியர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார்.

ஸ்கேன் அறையில் அவள் படுத்திருந்தாள். அவர் சுவரோரம் ஒரு முக்காலியில். டாக்டரம்மா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் கருப்பாக, உருண்டையாக ஒன்று.

"இதுதான் முட்டைப்பைக்குள்ள ஒரு முட்டை வளர்ற குமிழ். பதினெட்டு மில்லிமீட்டர் இருக்கு. நாளைக்கோ மறுநாளோ முட்டை வெளியே வரும். இந்த மாசமே கரு தங்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா இனிமே இது மாசா மாசம் வரும்."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இதைப் பம்ப் செஞ்சதா டாக்டர்?"

"பம்ப் கதவைத் தட்டுச்சு, அவ்வளவுதான். செஞ்சது நீங்க."

வைத்தியர் எழுந்து கிட்டே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க, ஒண்ணும் பேசாதீங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு. "என்னோடது. கொஞ்ச நேரம் பார்த்துக்கிறேன்."